அம்பு திரும்பும் வரை

நகரத்தில் எந்தச் சுவரில் எந்தப் பலகை தொங்கினாலும் அது வழிகாட்டிப் பலகை வாரியத்தில் பிறந்ததாகத்தான் இருக்கும். ‘இங்கே நிற்காதீர்’ என்பதும் அதன் பிள்ளைதான். பக்கத்திலேயே மாட்டியிருக்கும் ‘இங்கே காத்திருக்கவும்’ என்பதும் அதன் பிள்ளைதான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வது என்பது வாரியத்தின் பொறுப்பில் வரவில்லை.

இத்தனை பலகைகளும் கணினியில் ஒரே ஒரு கோப்புக்குள் குடியிருந்தன. அதற்கு மூலக்கோப்பு என்று பெயர். அதில் ஒரு பலகையை மாற்றிச் சேமித்தால் அன்றைக்கே புதுப் பலகை அச்சாகிப் போய் உரிய இடத்தில் மாட்டப்பட்டுவிடும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல, ஒரு பலகையின் எழுத்து ஓர் அடுக்கு, நிறம் ஓர் அடுக்கு, அம்புக்குறி ஓர் அடுக்கு என்று வரைந்து வைப்பார்கள். அடுக்குகளின் பெயர்கள் திரையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக வரிசை கட்டி நிற்கும். மற்ற அலுவலகங்களில் வேண்டாத அடுக்கை அழித்துவிடுவார்கள். வாரியத்தில் யாரும் எதையும் அழித்ததில்லை. அழித்தால் வரைந்தவர் மனம் புண்படும். இப்போதைய தலைவர் பதவியேற்ற நாளில், மவுஸ் என்றால் என்னவென்று பார்ப்பதற்காக ஊதா நிறத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். அது எந்தப் பலகைக்கும் தேவைப்படவில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் அடுக்காக, அசையாமல் இருந்தது. அதற்குக் கீழே இயக்குநர்களின் கிறுக்கல்கள், துணை இயக்குநர்களின் கட்டங்கள், பிறகு ஆயிரக்கணக்கில் ‘செவ்வகம்’, ‘செவ்வகம் நகல்’, ‘இறுதி’, ‘இதுதான் இறுதி’, ‘சத்தியமாக இறுதி’.

இந்த வாரியத்தில்தான் பென்சில் வடிவமைப்பாளனாகச் சேர்ந்தான். ஆள் அப்படி ஒல்லி. சேர்ந்த அன்றைக்கே அலுவலகம் அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. வீட்டிலும் அவனுக்கு அதே பெயர்தான் என்று தெரிந்தபோது அலுவலகத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வீட்டில் அவனும் அக்காவும் மட்டும். மாமாவுக்குக் கப்பலில் வேலை; எந்தக் கடலில் இருக்கிறார் என்பது கப்பலுக்குத்தான் தெரியும். அக்காவுக்கு நிறைமாதம். அன்று பெரியாஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

“டேய் பென்சில், உங்க ஆபீஸ் பலகைய நம்பிப் போனேன்டா. ‘பிரசவப் பிரிவு’ன்னு இடது பக்கம் அம்பு போட்டிருக்கு. அந்த வராந்தா போகுது போகுது, போய்க்கிட்டே இருக்கு. கோடியில பாத்தா இரும்புக் கதவு, அதுல ஒரு பூட்டு. பூட்டா எனக்குப் பிரசவம் பாக்கும்?”

“அந்த வாசலை மூடிட்டாங்களாக்கா?”

“எப்பவோ மூடிட்டாங்களாம். இப்ப வலது பக்கம் புது வாசலாம். என்னை மாதிரி வயித்தைத் தூக்கிக்கிட்டு வர்றவங்க எல்லாம் அந்தக் கோடி வரைக்கும் போய், பூட்டைப் பாத்துட்டு, திரும்பி நடக்குறோம். ஒருத்தி அங்கயே உக்காந்து அழுறா.”

“நாளைக்குத் திருப்பிடறேன்க்கா. ஒரு நிமிஷ வேலை.”

“நீ திருப்புறதுக்குள்ள பிள்ளையே வெளிய வந்து வழி கேக்கும்.”

மறுநாள் காலையில் பென்சில் மூலக்கோப்பைத் திறந்தான். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினான். திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. ‘பிரசவ அம்பு’ என்று தட்டினான். அடுத்த நொடி அந்த அடுக்கு முன்னால் வந்து நின்றது. அம்பை வலது பக்கம் திருப்பினான். சேமித்தான். கையை முறுக்கிச் சோம்பல் முறித்தபோதுதான் அறை நிசப்தமாகிவிட்டதைக் கவனித்தான்.

பக்கத்து இருக்கையில் இருந்தவருக்குச் சக்கரத்தார் என்று பெயர். மவுஸில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டுவதில் வாரியத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உருட்டி உருட்டி ஆள்காட்டி விரல் காய்ப்புக் காய்த்திருந்தது. அந்த விரல் இப்போது அந்தரத்தில் நின்றது.

“தம்பி, இப்ப என்ன பண்ணீங்க?”

“தேடுனேன் சார். பேரை டைப் பண்ணா வந்துடுது.”

“மேல இருக்கற லேயரெல்லாம்?”

“அதுக்கென்ன சார்?”

“அதுக்கென்னவா?” சக்கரத்தார் குரலைத் தாழ்த்தினார். “தலைவரைத் தாண்டிப் போயிருக்கீங்க. இயக்குநர்களைத் தாண்டிப் போயிருக்கீங்க. ஒருத்தரைக்கூட திரும்பிப் பாக்கல.”

பென்சிலுக்கு அப்போதுதான் வாரியத்தின் முறை விளக்கப்பட்டது. கீழே இருக்கும் எந்த அடுக்குக்குப் போவதென்றாலும் மேலே முதல் அடுக்கிலிருந்து உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதிகாரிகளின் அடுக்கு வரும்போது சற்று நிறுத்த வேண்டும். ஊதா வட்டத்துக்கு இருக்கையிலிருந்து லேசாக எழுந்தால் நல்லது. கட்டாயமில்லை, ஆனால் எழாதவர்கள் யாரும் பதவி உயர்வு பெற்றதாகத் தெரியவில்லை. வழியில் விரலை எடுத்துவிட்டால் மறுபடி மேலிருந்து. மாலையில் கோப்பை மூடிவிடுவார்கள். காலையில் மறுபடி மேலிருந்து.

“நான் ஒரு கமா போடணும்னு கீழ கிளம்பினேன் தம்பி” என்றார் சக்கரத்தார் பெருமையாக.

“போட்டீங்களா சார்?”

“போயிட்டிருக்கேன்.”

“எப்ப கிளம்பினீங்க?”

“பழைய தலைவர் காலத்துல.”

மதியத்துக்குள் அடுக்குக் கண்காணிப்பாளர் பென்சிலைக் கூப்பிட்டுவிட்டார். வாரியத்தில் எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். அவர் முதல் வேலையாக அம்பைப் பழையபடி இடது பக்கம் திருப்பி வைத்திருந்தார். கண்காணிப்பாளருக்குத் தாண்டும் அனுமதி உண்டு, ஆனால் பழைய நிலைக்குக் கொண்டுவர மட்டும்.

“உக்காருங்க தம்பி. நான் இங்க சேந்தப்போ தலைவரோட அடுக்கைத் தாண்டுறதுக்கு ஒரு வாரம் எனக்குத் தைரியம் வரல. நீங்க ஒரு பொத்தானை அமுக்கித் தாண்டிட்டீங்க.”

“மேடம், அம்பு தப்பான பக்கம் காட்டுது.”

“காட்டட்டும். அது முறைப்படி தப்பாக் காட்டுது. நீங்க முறையில்லாம சரியாக் காட்டுறீங்க. இதுல எது ஆபத்துன்னு நீங்களே யோசிங்க.”

“நிறைமாசக்காரங்க பூட்டின கதவு வரைக்கும் நடந்துட்டுத் திரும்புறாங்க மேடம்.”

“நடக்கிறது நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்களே” என்றார் மேடம் கனிவாக. அவர் கெட்டவர் இல்லை. பென்சில் எழுந்தபோது, “வீட்ல யாராவது அப்படி இருக்காங்களா?” என்று விசாரித்தார். அக்கா என்றதும், “அவங்களை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் ஸ்குரூ டிரைவரோடு ஒருவர் வந்து பென்சிலின் விசைப்பலகையிலிருந்து அந்த இரண்டு விசைகளையும் நெம்பி எடுத்துக்கொண்டு போனார். பல் விழுந்த வாய்போல அது இளித்தது. பென்சில் மன்னிப்புக் கடிதம் அடித்தான். விசை இல்லாததால் அதில் ஆங்காங்கே எழுத்துகள் விடுபட்டிருந்தன. விடுபட்டதற்காக அவனிடம் இன்னொரு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அதிலும் விடுபட்டிருந்தன.

சரி, முறைப்படியே போவோம் என்று பென்சில் உருட்ட ஆரம்பித்தான். காலையில் ஊதா வட்டத்துக்கு லேசாக எழுந்து உட்காருவான். மதியச் சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டான், வலது கை விரல் சக்கரத்தை விட்டு வரக்கூடாதே என்று. ‘செவ்வகம் நகல்’ ஊர்வலமாக மேலே போய்க்கொண்டிருக்கும். பாதிக் கிணறு இறங்கும்போது மாலை மணி அடிக்கும். கோப்பை மூடுவார்கள். மறுநாள் மறுபடி ஊதா வட்டம். கனவிலும் அவன் உருட்டினான். கனவிலும் மணி அடித்தது.

அக்கா போன் செய்தாள். “திருப்பிட்டியா?”

“பாதி வழியில இருக்கேன்க்கா.”

“ஆஸ்பத்திரிக்கா?”

“இல்லக்கா, அம்புக்கு.”

“நீ சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டாள்.

இதற்கிடையில் பென்சில் செய்த குற்றம் அறிக்கையாகித் தலைவரின் மேசைக்குப் போய்விட்டது. தலைவர் அறிக்கைகளைத் தலைப்போடு நிறுத்திக்கொள்பவர். ‘விசைப்பலகை வழித் தேடல்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த வாரமே விழா. நெம்பி எடுத்த இரண்டு விசைகளும் வெல்வெட்டுத் துணி விரித்த தட்டில் வந்தன. ஒரு கண்ணாடி அறையில் வைத்த ஒற்றை விசைப்பலகையில் அவற்றைத் தலைவர் தம் கையால் பொருத்தினார். பிறகு பேசினார்.

“தேடல் நமக்குப் புதுசு இல்ல. வாரியம் தொடங்கின நாள்லேர்ந்து நாம தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். கிடைச்சுதான்னு சில பேர் கேக்குறாங்க. கிடைச்சுட்டா அப்புறம் நமக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரில ஏதோ ஒரு அம்பு சரியில்லன்னு சொல்றாங்க. நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போறவன்தான். எனக்கு ஒரு கஷ்டமும் தெரியல. என் கார் பின்பக்க வாசல் வழியா நேரா உள்ள போயிடும். ஜனங்களும் கொஞ்சம் அப்படிப் பழகிக்கணும்.”

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. பென்சிலும் தட்டினான். கண்ணாடி அறைக்குள் நுழைந்தால் போதும், ஒரு நொடியில் அம்பு கைக்கு வந்துவிடும் என்று அவன் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தான்.

தேடல் அறைக்கும் ஒரு முறை இருந்தது. தேடுபவர் வெளியே நின்று சொல்லைச் சொல்ல வேண்டும். மேடம் உள்ளே தட்டுவார். கிடைக்கும் விடைகள் பதவி வரிசையில் நிற்கும். இதில் ஒரு சிக்கல் முதல் நாளே தெரிந்தது: யாரோ ‘கழிப்பறை’ என்று தேடியபோது தலைவரின் ஊதா வட்டம் விடையில் வரவில்லை. தேடியும் தலைவர் அகப்படவில்லை என்பது நல்லதாகவா இருக்கிறது? அன்று மாலையே ஊதா வட்டத்தின் பெயர் ‘தலைவர் வட்டம் கழிப்பறை கதவு அம்பு பிரசவம் அவசரம் படிக்கட்டு வெளியே உள்ளே’ என்று மாறியது. எந்தச் சொல்லைத் தட்டினாலும் முதலில் அதுதான் வரும். இயக்குநர்கள் பார்த்தார்கள். அவர்களும் தங்கள் அடுக்குகளுக்கு எல்லாச் சொற்களையும் பெயராக வைத்தார்கள். பிறகு துணை இயக்குநர்கள். பிறகு எல்லாரும். சக்கரத்தார்கூடத் தம் இரண்டு செவ்வகங்களுக்கு ராத்தூக்கம் கெட்டு யோசித்துப் பெயர் வைத்தார்.

பென்சிலின் முறை வந்தபோது மேடம் ‘பிரசவ அம்பு’ என்று தட்டினார். விடையாக மூலக்கோப்பு முழுவதும் வந்தது, மேலிருந்து கீழாக, பழைய வரிசையிலேயே.

“பாத்தீங்களா தம்பி? எல்லாரும் பயந்தாங்க. தேடல் வந்தும் ஒண்ணும் கெட்டுப்போகல.”

பென்சில் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு யோசித்தான். எந்த அதிகாரியும் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளாத சொல் ஒன்று இருக்குமே. அதை வைத்தாவது இந்தத் தேடல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

“மேடம், ‘தவறு’ன்னு தட்டிப் பாருங்களேன்.”

தட்டினார். திரை வெறுமையானது. நடுவில் ஒரு வரி மட்டும் வந்தது: ‘தவறு எதுவும் கிடைக்கவில்லை.’

மேடம் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றே அந்தத் திரையைப் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, வாரியத்தின் நுழைவுக் கூடத்தில் மாட்டினார்கள். தலைவர் பென்சிலை அழைத்துத் தோளில் கை போட்டார். தோள் இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

“கேளுங்க தம்பி. என்ன வேணும் உங்களுக்கு?”

“பிரசவ வார்டு அம்பைத் திருப்பணும் சார்.”

“அவ்வளவுதானா! நாளைக்கே திருப்புவோம். நானே வர்றேன்.”

அப்படித்தான் மறுநாள் வாரியம் முழுவதும் பென்சிலின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பென்சில் உருட்டினான். ஒவ்வோர் அதிகாரியின் அடுக்கு வரும்போதும் அந்த அதிகாரி சற்று முன்னால் வந்து நிற்க, மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒரே நாளில் முடிய வேண்டும் என்பதற்காகத் தலைவர் ஒரு சலுகை தந்தார்: கீழ்நிலை ஊழியர்களின் அடுக்குகளில் நிற்க வேண்டியதில்லை; அவர்களுக்கு மரியாதை பழக்கமில்லை. சக்கரத்தாரின் செவ்வகங்கள் சர்ரென்று கடந்துபோயின. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மதியம் தாண்டியிருக்கும். பென்சிலின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தான்.

“டேய், வலி வந்துடுச்சுடா.” அக்காவின் குரல் மூச்சோடு மூச்சாக வந்தது. “பக்கத்து வீட்டு அக்கா வண்டி பிடிச்சுட்டாங்க. நீ நேரா அங்க வந்துடு.”

“இதோ வரேன்க்கா.” அவன் திரும்பினான். “மேடம், எங்க அக்காவுக்கு...”

“தாராளமாப் போங்க தம்பி” என்றார் மேடம். “விரலை எடுத்தா மறுபடி மேலேர்ந்து. அவ்வளவுதான். இன்னிக்கு விட்டா தலைவர் அடுத்து எப்ப வருவாரோ.”

பென்சில் திரையைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம்தான். விரலை எடுத்துவிட்டு ஓடினால் அக்காவோடு இருக்கலாம்; ஆனால் அந்த அம்பு அக்காவைத் தள்ளிக்கொண்டு வருபவர்களுக்கும் இடது பக்கம்தான் காட்டிக்கொண்டிருக்கும். எடுக்காவிட்டால் அம்பு திரும்பும். அக்கா தனியாகக் கிடப்பாள். நாற்காலிக்குப் பின்னால் யாரோ மென்மையாக இருமினார்கள். அவன் விரல் உருட்டிக்கொண்டே இருந்தது. அது தன் விரல்தானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

‘பிரசவ அம்பு’ வந்தது. யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ வேறு சொல் எதுவும் சேர்க்காமல் வைத்த பெயர். பென்சில் அம்பை வலது பக்கம் திருப்பினான். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் அவன் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் பழைய பலகை இன்னும் இடது பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு முறை முறைத்துவிட்டு வலது பக்கம் ஓடினான். வலது கோடியில் புது வாசல் பூட்டியிருந்தது.

தட்டினான். யாரும் வரவில்லை. வந்த வழியே திரும்பி, வாசலைக் கடந்து, இடது வராந்தாவில் அதன் நீளம் முழுவதும் ஓடினான். கோடியில் அந்த இரும்புக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஆட்களும் கட்டில்களும் சத்தமும். ஒரு நர்ஸ் அவனை மறித்தாள்.

“யாரு வேணும்?”

அக்காவின் அடையாளத்தைச் சொன்னான்.

“ஓ, அவங்களா? பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க எங்க போயிருந்தீங்க?”

“வலது பக்கம்.”

“அங்க ஏன் போனீங்க? பலகைலதான் இடது பக்கம் போட்டிருக்கே.”

அவன் கழுத்தில் தொங்கிய வாரிய அட்டையைப் பார்த்துவிட்டு நர்ஸே சொன்னாள். “வர்றவங்க எல்லாம் இங்கதான் வர்றாங்க. உங்க வாரியத்துக்கு எழுதி எழுதிப் பாத்தோம். பதிலே இல்ல. சரி, பலகை மாறாது, நாம மாறிக்கலாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்குக் காலைலதான் பூட்டை உடைச்சு, வார்டை மறுபடி இந்தப் பக்கமே கொண்டுவந்தோம். அந்த வாசலை மூடிட்டோம்.”

அக்கா கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் துணிக்குள் ஒரு சின்ன முகம். “வலது பக்கம் போங்கன்னு நான் கத்துறேன்டா” என்றாள் அவனைப் பார்த்ததும். “தள்ளிக்கிட்டு வந்தவன் கேக்கவே இல்ல. ‘ஏம்மா, பலகை பொய் சொல்லுமா’ன்றான். நல்லவேளை, கேக்காம விட்டான்.” சிரித்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “என்னடா?”

அவன் பதில் சொல்லாமல் திரும்ப ஓடினான்.

வாசலில் ஏணி போட்டாயிற்று. ஏணிக்காரர் பழைய பலகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மை வாசனை போகாத புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். அம்பு கம்பீரமாக வலது பக்கம் காட்டியது.

“அண்ணே, மாட்டாதீங்க! இது தப்பு!”

“தப்பா?” ஏணிக்காரர் கீழே குனிந்து பார்த்தார். “அதெல்லாம் உங்க ஆபீஸ்ல இல்லன்னு சட்டம் போட்டு மாட்டியிருக்காங்களே.”

“நான்தான் அண்ணே இதைத் திருப்பினேன்.”

“அப்புறம் என்ன? ரொம்ப நல்லாத் திருப்பியிருக்கீங்க” என்று கடைசித் திருகாணியையும் முறுக்கிவிட்டு இறங்கினார். பழைய பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏணியோடு போய்விட்டார்.

பென்சில் மேடமுக்குப் போன் செய்தான். விஷயத்தைச் சொன்னான். மேடம் பொறுமையாகக் கேட்டார். அக்காவுக்கு என்ன குழந்தை என்று விசாரித்தார். பெண் என்றதும் சந்தோஷப்பட்டார்.

“சரி தம்பி, மறுபடி இடது பக்கம் திருப்பணும், அவ்வளவுதானே? நாளைக்கு வாங்க. மேலேர்ந்து ஆரம்பிங்க.”

அவன் போனை வைக்கும்போது ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். இருவரும் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். வலது பக்கம் திரும்பினார்கள்.

“இந்தப் பக்கம்! இடது!” பென்சில் பலகைக்குக் கீழே போய் நின்று கையை நீட்டினான்.

“அதுல அப்படிப் போடலியே” என்றான் வந்தவன்.

“அதைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க.”

பார்த்தார்கள். நீண்ட ஒல்லிக் கை; உடம்பே ஒரு கோடு. ஏனோ நம்பி இடது பக்கம் போனார்கள். அடுத்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அடுத்து ஒருத்தி தனியாக வந்தாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. போனால் இங்கே யார் நிற்பது? அதற்கடுத்த நாள் வாரியமே அவனைத் தேடி வந்தது. தலைவர் காரிலிருந்து இறங்கி, தூரத்தில் நின்று, ஓவியம் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“பிரமாதம்! எந்த வாரியத்துலயாவது உயிருள்ள அம்பு இருக்கா? இல்ல! மழை பெஞ்சா மை அழியாது. கேள்வி கேட்டா பதில் சொல்லும். சம்பளம் எப்பவும்போலத்தான்.”

மூலக்கோப்பில் அவனுக்காக ஒரு புது அடுக்கு சேர்த்துவிட்டதாக மேடம் சொன்னார். எல்லாவற்றுக்கும் கீழே. பெயர் இன்னும் வைக்கவில்லை. இப்போதைக்கு ‘செவ்வகம் நகல்’.

“பலகையில இருக்கற அம்பு திரும்புற வரைக்கும் நீங்க இங்க தற்காலிகமா இருப்பீங்க தம்பி.”

“அதை யார் மேடம் திருப்புவாங்க?”

“அது உங்க வேலைதானே” என்றார் மேடம். “வேற யார் வேலையிலயும் நாங்க தலையிடறதில்ல.”

அக்காவை வீட்டுக்கு அனுப்பிய அன்று நல்ல வெயில். குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பிடித்தபடி அவள் வாசலுக்கு வந்தாள். தம்பியின் எதிரில் நின்றாள்.

“வாடா, வீட்டுக்குப் போலாம்.”

“நீ போக்கா. நான் பின்னாடியே வரேன்.”

“முதல்ல அந்தக் கையைக் கீழ போடு. தோள் கழண்டு விழப்போகுது. உன் மருமகளை ஒரு தடவை தூக்கிப் பாரு.”

குழந்தை கண்ணைத் திறந்து மூடியது. பென்சில் அதைப் பார்த்தான். கை வலித்தது. மெல்ல இறக்கலாம் என்று நினைத்தான். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இறங்கினாள். அண்ணாந்து பலகையைப் பார்த்தாள்.

பென்சில் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.